சைக்கிளில் ஹெட்போன் போட்டுப் போகலாமா? எல்லையோர ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சாலையில் சைக்கிள் மிதிப்பது ஆபத்து. நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையில் அது பேராபத்து. ஒரு காதைத் திறந்து வைத்து, சத்தத்தைக் குறைத்து, சில வழிகளில் மட்டும் கேட்கலாம். எந்த வழி, எந்தக் கருவி, எவ்வளவு சத்தம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள், டாக்டர் சொன்னதற்காகப் புதிதாக கியர் சைக்கிள் வாங்கியவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். புதிதாக மிதிக்கத் தொடங்கியவர்கள் ஒரு படியையும் விடாமல் படியுங்கள்.

முதலில் தெரிய வேண்டியது: காது செய்யும் வேலை

பெரும்பாலான சைக்கிள்களில் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. தலையைத் திருப்பினால் ஹேண்டிலும் லேசாக வலப்பக்கம் இழுக்கும். நம்மை முந்தும் வண்டிகள் வரும் பக்கமும் அதுதான். ஆகவே பின்னால் என்ன வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பது காதுதான்.

ஓர் ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னால் காலி டிப்பர் வருவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கியர் மாறும் உறுமல் கேட்கும். அடுத்து, காலித் தொட்டியின் பின்கதவு தடதடவென்று அடிக்கும். அதற்குப் பிறகுதான் ஹார்ன். கடைசியாக டயர் சத்தமும் காற்றின் இழுப்பும் தோளருகே வந்துவிடும். முதல் இரண்டு சத்தங்களைக் கேட்டவர் நிதானமாக ஓரம் ஒதுங்கியிருப்பார். ஹார்னில்தான் விழித்துக்கொள்கிறவர் பதறிப்போய் ஹேண்டிலைத் திருப்புவார். விபத்து பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான் நடக்கிறது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள், பின்னால் வரும் வண்டி 60 கிலோமீட்டரில் வருகிறது என்றால், நொடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அது உங்களை நெருங்குகிறது. ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் வண்டி உங்களை எட்ட நான்கு நொடிதான். அந்த நான்கு நொடியைப் பாட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. ஒரு சத்தம் வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வந்து சேரும் இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் திசை தெரிகிறது. ஒரு காதை அடைத்தாலே இந்தத் திறன் குறையும். இரண்டையும் அடைத்தால் வண்டி வருவதே தெரியாமல் போகும்.

நம் சாலைகளில் ஏன் கூடுதல் கவனம்?

கரமனை–களியக்காவிளை சாலையை அகலப்படுத்தும் பணி திருவனந்தபுரம் பக்கம்தான் முன்னேறியிருக்கிறது. நெய்யாற்றின்கரை தாண்டினால் பல இடங்களில் பழைய குறுகிய சாலைதான். கேரள, தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள், சரக்கு லாரிகள், பாறையும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் எல்லாம் அதே இடத்தைப் பங்குபோடுகின்றன. சைக்கிளுக்கென்று ஓரம் மிஞ்சுவதில்லை.

கிராமத்து வழிகளில் வேறு சிக்கல். வீட்டு மதில் சாலையை ஒட்டியே நிற்கும். கேட்டைத் திறந்து கார் பின்பக்கமாக வெளியே வரும்போது பம்பர் சாலைக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இன்ஜின் சத்தமும் ரிவர்ஸ் பீப் ஒலியும் அதற்கு முன்பே காதுக்கு எட்டிவிடும். வளைவில் நிற்கிறவர் "மாறு, மாறு" என்று மலையாளத்தில் கத்தினாலும் "ஒதுங்கு" என்று தமிழில் கத்தினாலும் இங்கே எல்லோருக்கும் புரியும். காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

மின்சார ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் பெருகியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் இன்ஜின் சத்தமே இல்லை. மெல்லிய டயர் சத்தம் மட்டுமே எச்சரிக்கை.

படி 1: உங்கள் வழியை மூன்றாகப் பிரியுங்கள்

வழக்கமாகப் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, மூன்று நிறத்தில் குறியுங்கள்.

சிவப்பு: ஹெட்போன் கூடவே கூடாத இடம். களியக்காவிளை சாலை முழுவதும், கழக்கூட்டம்–காரோடு பைபாஸ், பாறசாலையில் தொடங்கும் மலையோர நெடுஞ்சாலை, சந்தை, பஸ் ஸ்டாண்ட், பள்ளி வாசல், ரயில்வே கேட் எல்லாம் இதில் அடங்கும். ஊரம்பு, பனச்சமூடு போன்ற எல்லைச் சந்திப்புகளும் சிவப்புதான். பைபாஸ் அகலமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அகலம் கூடினால் வேகமும் கூடும்.

மஞ்சள்: ஒரு காதில் மட்டும், மெல்லிய சத்தத்தில் கேட்கக்கூடிய இடம். செங்கல், தனுவச்சபுரம், காரோடு பக்கத்து ஊர்களுக்குள் போகும் பஞ்சாயத்துச் சாலைகளில் போக்குவரத்துக் குறைந்த நேரம் மட்டும் இதில் சேரும். கால்வாய்க் கரையில் போகும்போது வழுக்கலும் நாயும் உண்டு. அங்கே காதோடு கண்ணும் விழிப்பாக இருக்கட்டும்.

பச்சை: வாகனம் வராத மைதானம், வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். இங்கே விருப்பம்போல் கேளுங்கள்.

முதல் மாதம் மிதிப்பவர்களுக்கு மஞ்சளும் சிவப்புதான். பேலன்சும் பிரேக்கும் கைக்குப் பழகிய பிறகு பாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: சரியான கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் இறுகும் இயர்பட்ஸ் சைக்கிளுக்கு ஆகாது. காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனும் ஆகாது. எல்லாவற்றையும்விட மோசமானது நாய்ஸ் கேன்சலேஷன். அது ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளை நன்றாக அழிக்கும். லாரி இன்ஜினின் உறுமல் அப்படிப்பட்ட ஒலிதான். உங்கள் இயர்பட்ஸில் அந்த வசதி இருந்தால் சைக்கிள் ஏறும் முன் அணைத்துவிடுங்கள்.

வெளிச் சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி வசதி கொஞ்சம் உதவும். ஆனால் வேகமாகப் போகும்போது மைக்கில் காற்று அடித்து இரைச்சலாகும். அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

இருப்பதில் நல்லது போன் கண்டக்ஷன் (bone conduction) வகை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து, அதிர்வு வழியாக ஒலியைக் கடத்தும். காதுத் துளை திறந்தே இருக்கும். அதற்காகக் கவனச் சிதறல் போய்விடாது. காது திறந்திருந்தாலும் மனம் பாட்டில் இருந்தால் பயனில்லை.

தொங்கும் ஒயர் வேண்டாம். ஹேண்டிலிலோ பைப் பட்டையிலோ சிக்கி இழுத்தால் கை தானாகக் காதுக்குப் போகும், ஹேண்டில் ஆடும்.

படி 3: ஒரு காது போதும், அதுவும் இடக்காது

நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். முந்தும் வண்டி வலப்பக்கம் வரும். அதனால் கேட்பதாக இருந்தால் இடக்காதில் மட்டும் மாட்டி, வலக்காதைத் திறந்து வையுங்கள்.

நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் டிக் டே வார்ட் குழு சைக்கிள் ஓட்டுபவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டவர்கள் எச்சரிக்கை ஒலிகளைத் தவறவிட்டார்கள். காதுக்குள் இறுகும் வகையில் நிலைமை இன்னும் மோசம். ஒரே காதில் கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை உள்ள நாட்டில் நடந்த ஆய்வு அது. நாம் இன்னும் ஒரு பங்கு கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

படி 4: வீட்டு முற்றத்தில் சோதித்துப் பாருங்கள்

சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, வழக்கமான சத்தத்தில் பாட்டைப் போடுங்கள். வீட்டில் ஒருவரைப் பத்து அடி பின்னால் நிறுத்தி, சாதாரணக் குரலில் உங்கள் பெயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிறகு சைக்கிள் பெல்லை ஒரு தரம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் தெளிவாகக் கேட்காவிட்டால் சத்தத்தைக் குறையுங்கள். குறைத்தும் கேட்கவில்லை என்றால் அந்தக் கருவி சைக்கிளுக்கு வேண்டாம். நின்றுகொண்டிருக்கும்போதே கேட்காதது, ஓடும்போது காற்றிரைச்சலில் கேட்கவே கேட்காது.

காதின் நலமும் இதில் இருக்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் அந்த வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். லாரி இரைச்சலை வெல்ல சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் இந்த எல்லையை அறியாமலே தாண்டுகிறார்கள்.

படி 5: போனைக் கையில் எடுக்காதபடி ஏற்பாடு செய்யுங்கள்

கிளம்பும் முன்பே பாட்டு வரிசையைப் போட்டுவிடுங்கள். போன் பையிலோ சட்டைப் பாக்கெட்டிலோ இருக்கட்டும். அழைப்பு வந்தால் ஓரத்தில் இறங்கி, காலை ஊன்றி நின்று பேசுங்கள். மிதித்துக்கொண்டே பேசும்போது பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே சாலையை மறக்க வைக்கும். வழிகாட்டும் மேப் குரல் தேவைப்படும் டெலிவரி வேலைக்காரர்கள் அதை மட்டும் ஒரு காதில் வைத்துக்கொள்ளலாம், பாட்டைச் சேர்க்க வேண்டாம்.

ஹேண்டிலின் வலப்பக்கம் ஒரு சிறிய கண்ணாடியும், சத்தமாக ஒலிக்கும் பெல்லும் மாட்டுங்கள்.

படி 6: ரயில்வே கேட்டில் காதிலிருந்து கழற்றுங்கள்

திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் 1979 முதல் ரயில் ஓடுகிறது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை எல்லாம் இந்தப் பாதையில்தான் உள்ளன. மின்சார இன்ஜின் பழைய டீசலைப் போல் தூரத்திலிருந்தே முழங்கிக்கொண்டு வருவதில்லை. பாதையை இரட்டையாக்கும் திட்டமும் இருக்கிறது. இரண்டு தண்டவாளம் உள்ள இடத்தில் போகும் ரயில், எதிரே வரும் ரயிலை மறைத்துவிடும்.

2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லா லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் இயர்போன் போட்டிருந்தார் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாக அறிவிக்கப்பட்டது. அகலப் பாதைகளில் ஆளில்லா கிராசிங்குகள் பிறகு அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் மூடிய கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 1989இன் 147ஆவது பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கேட் மூடியிருந்தால் இறங்குங்கள், கழற்றுங்கள், திறக்கும் வரை நில்லுங்கள்.

படி 7: மழையிலும் இருட்டிலும் வேண்டாம்

இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் சாலைச் சத்தம் முழுக்க மாறிவிடும். மழைக்கோட்டின் தொப்பி ஏற்கெனவே பாதி காதை மூடியிருக்கும். மீதியையும் அடைக்காதீர்கள். விடியற்காலையிலும் இரவிலும் கண்ணால் பார்ப்பது குறைவதால் காதின் வேலை இரட்டிப்பாகிறது. அந்த நேரத்தில் பின்பக்கச் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் கட்டாயம், ஹெட்போனுக்கு விடுமுறை.

சட்டம் என்ன சொல்கிறது?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988 எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். காலால் மிதிக்கும் சைக்கிள் அந்தச் சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகாது.

ஸ்கூட்டர், பைக் ஓட்டுபவர்களுக்கு நிலைமை வேறு. ஆபத்து இல்லாதபோது, வண்டி ஓட்டியபடி போனில் பேசுவது மட்டுமே கேரள போலீஸ் சட்டத்தின் 118(இ) பிரிவுப்படி குற்றமாகாது என்று 2018 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, கையில் போனைப் பிடித்து ஓட்டுவது 184ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சைக்கிளுக்கு இந்தப் பிரிவு இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். விபத்து நஷ்டஈட்டு வழக்கில் அடிபட்டவரின் கவனக்குறைவும் கணக்கில் எடுக்கப்படும், தொகை குறையலாம். காதில் இருந்த ஹெட்போன் எதிர்த்தரப்பு வாதமாகிவிடும்.

மற்ற நாடுகளில் பிரான்ஸ் 2015 ஜூலை 1 முதல் சைக்கிளிலும் இயர்போனைத் தடைசெய்து 135 யூரோ அபராதம் வைத்தது. ஜெர்மனியில் போடலாம், ஆனால் காது கேட்பது தடைபடக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒரு காதுக்கு அனுமதி உண்டு, இரண்டு காதுக்கும் கிடையாது.

"கார்க்காரர் ஏசி போட்டுப் பாட்டுக் கேட்கிறாரே?"

அடிக்கடி வரும் கேள்வி இது. அவரைச் சுற்றி இரும்புக் கூடும் சீட் பெல்ட்டும் ஏர்பேகும் மூன்று கண்ணாடிகளும் இருக்கின்றன. உங்களுக்கு இருப்பது ஒரு ஹெல்மெட், இரண்டு காது. அவர் தவறினால் பெரும்பாலும் பம்பர் நசுங்கும். நீங்கள் தவறினால் அடி உடம்பில் விழும்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால்

108 ஆம்புலன்சையோ 112 அவசர எண்ணையோ அழையுங்கள். பாறசாலை தாலுகா மருத்துவமனையும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையும் அருகில் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு 2019 திருத்தம் சட்டப் பாதுகாப்பு தருகிறது. பயந்து விலகிப் போகாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, சைக்கிளில் இருக்கும் வரை ஹெட்போன் கிடையாது என்று வீட்டில் ஒரே விதியாக வைத்துவிடுங்கள். ஒரு காது, அரைச் சத்தம் என்ற சலுகையெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். பிள்ளை சைக்கிளில் கிளம்பிவிட்டான் என்று தெரிந்தால், போய்ச் சேரும் வரை நீங்களும் போன் செய்யாதீர்கள். பாட்டை வீட்டுக்கு வந்தும் கேட்கலாம். சாலையில் இரண்டு காதும் திறந்திருக்கட்டும்.