ஃப்ளூ ஊசிக்குக் கிளம்பும் முன்

பிள்ளைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது "எந்த கம்பெனி ஊசி நல்லது?" என்றுதான். வயது என்ன, இதற்கு முன் எத்தனை தவணை போட்டாயிற்று என்ற கேள்விகள்தான் அதைவிட முக்கியம்.

எனவே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அரசின் இலவச அட்டவணையில் ஃப்ளூ இல்லை. தனியாரிடம் போட்டிருந்தால்தான் பதிவு இருக்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது; வீட்டில் உள்ள பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை, முதல் தடவை என்றால், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. போன வருடம் ஒன்றோடு விட்டுவிட்டிருந்தால் இந்த வருடம் மறுபடியும் இரண்டு போடச் சொல்வார்கள். காசு பிடுங்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்; அதற்குக் காரணம் இருக்கிறது.

பெரியவர்கள் ஃப்ளூ வைரஸைப் பல தடவை சந்தித்தவர்கள். அதை அடையாளம் காணும் நினைவு செல்கள் உடம்பில் இருக்கின்றன. ஒரு ஊசி அவற்றைத் தட்டி எழுப்பினால் போதும். சின்னக் குழந்தைக்கு எல்லாமே புதிது. முதல் தவணையில் வெறும் அறிமுகம் நடக்கிறது. எதிர்ப்பொருள் போதிய அளவுக்கு ஏறுவது பெரும்பாலும் இரண்டாவதற்குப் பிறகுதான்.

அடுத்தது, எந்த வகை என்பது. நம் ஊரில் பெரும்பாலும் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள் கொண்ட ஊசி. உயிருள்ள வைரஸ் இல்லாததால் இதனால் ஃப்ளூ வர வாய்ப்பே இல்லை. இது முக்கியமாக ரத்தத்தில் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளை உண்டாக்கும்.

மூக்கில் பீய்ச்சும் ஸ்ப்ரே வேறு ரகம். அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் பெருகும், நுரையீரலின் சூட்டில் தடுமாறும்படி பழக்கப்படுத்தியது. கிருமி நுழையும் மூக்குச் சவ்விலேயே ஐஜிஏ வகை எதிர்ப்பொருளையும், கூடவே டி செல்கள் எனும் எதிர்ப்பு செல்களையும் அது தூண்டுகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவாகத் தெரிந்தாலும் பாதுகாப்பு இருக்கக்கூடும். பிரிட்டனில் 2013 முதல் பிள்ளைகளுக்கு இதைத்தான் பரவலாகத் தருகிறார்கள். அமெரிக்காவில் எச்1என்1 வகை ஃப்ளூவுக்கு எதிராகச் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-இல் பரிந்துரையை நிறுத்தி, இரண்டு பருவம் கழித்துத் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள், வீசிங் வரும் சிறு பிள்ளைகள், எதிர்ப்புசக்தி குன்றியவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் ஸ்ப்ரேயைத் தவிர்க்க வேண்டும். இவர்களுக்கு ஊசிதான்.

தேதி குறிப்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் கூடும். ஊசி வேலை செய்ய சுமார் இரண்டு வாரம் ஆகும். இரண்டு தவணை தேவைப்படும் குழந்தைக்கு முதல் ஊசி ஆகஸ்ட் நடுவில் என்றால், இரண்டாவது செப்டம்பர் நடுவில், மாதக் கடைசியில் பாதுகாப்பு தயார். தீபாவளி நெருக்கத்தில் போய் நின்றால் மழையும் காய்ச்சலும் முந்திக்கொள்ளும். தாமதமாகிவிட்டால் போடாமல் விடவும் வேண்டாம்.

கிளினிக்கில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: முந்தைய ஊசியில் கடும் ஒவ்வாமை வந்ததா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா, ஸ்டீராய்டு போன்ற மருந்து ஓடுகிறதா. லேசான சளி தடையில்லை. மருந்து புதிய பருவத்துக்கானதா என்று பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை வைரஸ் வகைகளைத் திருத்துவதால், போன வருடத்து மருந்து இந்த வருடத்து வைரஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அன்றோ மறுநாளோ கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். முன்கூட்டியே பாராசிட்டமால் வேண்டாம். காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் கூடாது. மூச்சு வாங்குதல், முகம் வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வீடு திரும்பும் முன் அட்டையில் தேதி, மருந்தின் பெயர், தவணை எண் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தவணையும் முடிந்திருந்தால் அடுத்த வருடம் முதல் ஒன்று போதும்.