நாகப்பட்டினத்துப் புத்த விகாரம்
(வரலாறு அறிவோம்)


நம்ம திண்டுக்கல்லில் இருந்து நிறையப் பேர் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பீங்க. வழியில் நாகப்பட்டினம் வரும். அங்கே ஒரு காலத்தில் பெரிய புத்த விகாரம் இருந்தது. விகாரம் என்றால் புத்த பிட்சுக்கள் தங்கும் மடம்.

யார் கட்டியது?
கடல் தாண்டி, இன்றைய இந்தோனேசியா, மலேசியா பக்கம் ஸ்ரீவிஜயம் என்ற நாடு இருந்தது. அதன் அரசர் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் அப்பா சூடாமணிவர்மன் பெயரில் இதைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ராஜராஜ சோழன்! தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய அதே சிவபக்தர்தான். ஆண்டு கி.பி. 1006. இதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போனதால் 'லெய்டன் செப்பேடுகள்' எனப்படுகின்றன.

1025இல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். சண்டை வந்தும் விகாரத்துக்குக் கொடுத்ததைப் பிடுங்கவில்லை. 1090இல் குலோத்துங்கனும் அதை உறுதி செய்தான்.

சீனர்களும் வந்தார்கள்
வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு செங்கல் கோபுரம் பற்றி எழுதினார். 1267இல் கட்டி முடித்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாம். நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன மூன்று நிலைக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். 1867இல் கல்லூரிக் கட்டடத்துக்காக, அரசாங்க அனுமதியோடு அதை இடிச்சுட்டாங்க.

மிச்சம் என்ன?
1856 முதல் அங்கே மண்ணுக்குள் இருந்து சுமார் 350 புத்தர் சிலைகள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிலவற்றை நான் பார்த்தேன். தலை உச்சியில் தீச்சுடர் போல இருக்கும். சில பீடங்களில் தமிழ் எழுத்து! புத்தரைக் கும்பிட்டவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அங்கே எப்படி?
சீனாவில் குவான்சோ என்ற துறைமுக நகரம் உண்டு. 1281இல் அங்கே தமிழர் ஒருவர் சிவபெருமான் திருமேனியை அமைத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பிறகு அந்த ஊர்க் கோயில் அழிந்துபோனது. ஆனால் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்களைச் சீனர்கள் வீசி எறியவில்லை. 686இல் தொடங்கிய தங்கள் கையுவான் புத்த மடத்திலேயே நட்டு வைத்தார்கள். இன்றும் பார்க்கலாம். அவங்க ஊரில் நம்ம தூண் நிற்கிறது. நம்ம ஊரில் அவங்க கோபுரம் இல்லை!

நாம் என்ன செய்யலாம்?
நம்ம மாவட்டத்திலேயே பழனி பக்கம் ஐவர்மலையில் சமணச் சிற்பங்களும் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளன. ஊரிலேயே மலைக்கோட்டை இருக்கிறது. அங்கே போனால் சுவரில் பெயர் கிறுக்காதீங்க. கிறுக்குறவங்களையும் தடுங்க. வேறு மதத்துச் சின்னம் என்றாலும் அது நம்ம வரலாறுதான். இடிச்சதைத் திரும்பக் கட்ட முடியாது. இருப்பதைக் காப்போம்!

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு