வெளிநாட்டுப் பணவனுப்பலும் இலக்கமுறை நாணயமும்

க.பொ.த. (உயர்தரம்) பொருளியல்: "பணம்", "சென்மதி நிலுவை" ஆகிய அலகுகளுக்கான துணைப்பாடம்

மாணவர்களே, உங்கள் வகுப்பில் எத்தனை பேரின் தந்தையோ, தாயோ, அண்ணனோ வெளிநாட்டில் வேலை செய்கின்றார்? எனது மாலை வகுப்பில் இவ்வினாவைக் கேட்டபோது பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. ஆகவே "தொழிலாளர் பணவனுப்பல்" என்பது உங்களிற் பலருக்குப் பாடநூலில் மட்டும் உள்ள சொல் அன்று. மாத முடிவில் வீடு காத்திருக்கும் காசு அது.

அன்று ஒரு மாணவி எழுந்து, "சேர், கட்டாரில் இருக்கிற அப்பா இனிமேல் வங்கியால் அனுப்பாமல் கிரிப்டோவில் அனுப்பப் போகிறாராம். அறையில் கூட இருப்பவர் சொல்லிக் கொடுத்தாராம். காசு கூடக் கிடைக்குமாம். அனுப்பலாமா?" என்று கேட்டாள். தந்தையை அனுப்புவதற்காகத் தாயின் நகைகளை அடைவு வைத்த குடும்பம் அது. வட்டி கட்டும் திகதி தவறினால் நகை ஏலத்திற்குப் போய்விடும். ஆகவே அவளது வினாவை வெறும் பொது அறிவு வினாவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இப்பாடம் அதற்கு நான் சொன்ன விடையின் விரிவாகும்.

அனுப்பும் செலவு எங்கே இருக்கின்றது?

முதலில் வழமையான வழியைப் பார்ப்போம். ஒருவர் 1,000 கட்டார் ரியாலை நாணயமாற்று நிலையம் ஒன்றில் கொடுக்கின்றார் எனக் கொள்க. சந்தை வீதம் ஒரு ரியாலுக்கு 82 ரூபா. நிலையம் தரும் வீதம் 81 ரூபா. கட்டணம் 15 ரியால். (இவை கணக்கிற்காக எடுத்த எண்கள்.) வீட்டிற்குக் கிடைப்பது 985 × 81 = 79,785 ரூபா. செலவே இல்லாவிடின் 82,000 ரூபா கிடைத்திருக்கும். வித்தியாசம் 2,215 ரூபா, அதாவது 2.7 வீதம். இதில் கட்டணமாகத் தெரிவது 1,230 ரூபா மட்டுமே. மீதி 985 ரூபா வீதத்திற்குள் ஒளிந்திருக்கின்றது. பரீட்சையிலும் சரி, வீட்டிலும் சரி, பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது பகுதியையே.

200 டொலர் அனுப்புவதற்கான உலக சராசரிச் செலவு 2023 இல் 6 வீதத்திற்கும் அதிகம் என்பது உலக வங்கியின் கணிப்பு. இதனை 2030 இல் 3 வீதத்திற்கும் கீழே கொண்டுவருதல் ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஒன்று. ஆகவே மாற்று வழி தேடுவோரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழைத் தொழிலாளியின் உழைப்பில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்து போகின்றது என்பது உண்மையான முறைப்பாடு.

இனி இலக்கமுறை வழி. பிட்கொயின் பற்றிய கட்டுரை "சதோஷி நகமோட்டோ" என்ற புனைபெயரில் 2008 ஒக்டோபரில் வெளியாயிற்று. வலையமைப்பு 2009 யனவரியில் இயங்கத் தொடங்கியது. இதனை வெளியிடும் மத்திய வங்கி எதுவும் இல்லை. கொடுக்கல் வாங்கல்கள் யாவும் உலகெங்கும் உள்ள கணினிகள் ஒன்றாகப் பேணும் ஒரு பேரேட்டில் பதியப்படுகின்றன. கட்டாரிலிருந்து வவுனியாவுக்கு அனுப்பினாலும் அடுத்த வீட்டிற்கு அனுப்பினாலும் அப்பேரேட்டிற்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை எதுவும் அதற்கு இல்லை. இந்த வேகத்தை நானும் மறுக்கமாட்டேன்.

ஆனால் தந்தைக்குக் கிடைக்கும் சம்பளம் ரியால். அடைவு கடையில் கட்ட வேண்டியது ரூபா. ஆகவே ரியாலைக் கொடுத்து நாணயம் வாங்க வேண்டும். பின் அனுப்ப வேண்டும். பின் அதனை விற்று ரூபாவாக்க வேண்டும். நடுப்பகுதி மலிவு எனினும் இரு முனைகளும் மலிவல்ல. ஒவ்வொரு முனையிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் ஒருவர் இலாபம் எடுக்கின்றார். போதாக்குறைக்கு, கட்டார் மத்திய வங்கி தன் நாட்டு வங்கிகள் பிட்கொயினில் ஈடுபடுவதை 2018 இல் தடை செய்தது. அங்குள்ள தொழிலாளி யாரோ ஒரு தனியாளை நம்பித்தான் அம்முனையைத் தொட வேண்டியிருக்கும்.

பணத்தின் தொழிற்பாடுகளைக் கொண்டு சோதித்தல்

பணத்தின் தொழிற்பாடுகளை மனனம் செய்திருப்பீர்கள்: பரிமாற்ற ஊடகம், கணக்கீட்டு அலகு, பெறுமதித் தேக்கம், பிற்போடப்பட்ட கொடுப்பனவுகளுக்கான நியமம். இங்கே அவற்றைப் பயன்படுத்திப் பாருங்கள். 2021 நவம்பரில் ஒரு பிட்கொயினின் விலை ஏறத்தாழ 69,000 டொலர். ஓராண்டின் பின், 2022 நவம்பரில், ஏறத்தாழ 16,000 டொலர். முதல் திகதியில் 200 டொலருக்கு வாங்கி வைத்திருந்தவரிடம் இரண்டாம் திகதியில் இருந்தது ஏறத்தாழ 46 டொலர். அதன்பின் விலை மீண்டும் பன்மடங்கு ஏறியது உண்மையே. ஆனால் வட்டி கட்டும் திகதி விலை ஏறும்வரை காத்திராது. பொறுத்திருக்கக்கூடியவருக்கு இது ஒரு முதலீடாகலாம்; மாதாந்தம் அரிசி வாங்கும் குடும்பத்திற்குப் பெறுமதித் தேக்கம் ஆகாது.

"நிலைநாணயம் இருக்கின்றதே?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல வினா. டெதர் போன்றவை ஓர் அலகு ஒரு டொலருக்குச் சமமாக இருக்கும்படி வெளியிடப்படுபவை. விலைத் தளம்பல் பற்றிய ஆட்சேபத்திற்கு இது பெரும்பாலும் விடையளிக்கின்றது. ஆயினும் எல்லா நிலைநாணயங்களும் ஒரே தரமானவை அல்ல. டெராயூஎஸ்டி என்ற நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே ஒரு டொலர் என்ற பிடியை இழந்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் போயிற்று.

எல் சல்வடோர் செய்து பார்த்தது

இவ்விடயத்தை ஒரு நாடு முழு அளவில் பரிசோதித்தது. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சல்வடோரின் மக்கள் பலர் ஐக்கிய அமெரிக்காவில் உழைக்கின்றனர். பணவனுப்பல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 வீதத்திற்கும் அதிகம். 2001 முதல் அங்கு அமெரிக்க டொலரே புழங்குகின்றது. சனாதிபதி நயீப் புக்கேலேயின் அரசு 2021 யூனில் சட்டம் இயற்றி, அவ்வாண்டு செப்டெம்பர் 7 முதல் பிட்கொயினையும் சட்டபூர்வ நாணயமாக்கியது. அவ்வாறு செய்த முதல் நாடு அது. பணவனுப்பலுக்கான தரகில் ஆண்டுக்கு 400 மில்லியன் டொலர் மிச்சமாகும் என்பது புக்கேலேயின் வாதம். "சீவோ" என்ற அரசாங்கக் கைபேசிப் பணப்பை, அதில் சேருவோருக்கு 30 டொலர் பெறுமதியான பிட்கொயின், பணமெடுக்கும் பொறிகள் என எல்லாம் செய்து கொடுக்கப்பட்டன.

விளைவு? 2022 இல் இலக்கமுறைப் பணப்பைகள் வழியாக வந்தது மொத்தப் பணவனுப்பலில் 2 வீதத்திற்கும் குறைவு. 2023 இல் ஏறத்தாழ 1 வீதம். பலர் 30 டொலரை எடுத்துச் செலவழித்தபின் அப்பணப்பையைத் திறக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்துடன் 2024 டிசம்பரில் செய்த உடன்பாட்டைத் தொடர்ந்து, 2025 யனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, வியாபாரிகள் பிட்கொயினைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அனுப்புபவர் கையில் டொலர், பெறுபவருக்குத் தேவை டொலர். நாணயமாற்றே இல்லை, சட்டமும் துணை நின்றது. அப்படியும் மக்கள் பழைய வழியையே நாடினர். சந்தையில் தக்காளி விற்பவருக்குத் தேவை கையிற் பிடிக்கும் காசு என்பதே எளிய காரணம் என நான் நினைக்கின்றேன்.

ரூபாவைத் தருவது யார்?

மீண்டும் எனது மாணவிக்கு வருவோம். "கிரிப்டோ நல்லதா கெட்டதா என்று அப்பாவிடம் விவாதிக்க வேண்டாம். கடைசியில் எங்களுக்கு ரூபாவைத் தருவது யார் என்று மட்டும் கேள்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை விடை வந்தது: "கொழும்பில் ஒருவர் எங்கள் கணக்கில் போடுவாராம், சேர்."

இவ்விடையைக் கேட்டவுடன் உங்களுக்கு எது ஞாபகம் வருகின்றது? உண்டியல். இலண்டனிலோ தோகாவிலோ ஒருவரிடம் வெளிநாட்டுக் காசு கொடுக்கப்படும். இங்கே அவரது ஆள் ரூபா கொடுப்பார். வெளிநாட்டுக் காசு நாட்டிற்குள் வருவதே இல்லை. கொழும்புக்காரர் ரூபா கொடுத்து இலக்கமுறை நாணயத்தை வாங்குவதும் இதுவே. இறக்குமதிக்கோ, வெளிநாட்டில் பணம் சேர்ப்பதற்கோ, வேறு எதற்கோ அவருக்கு வெளியே டொலர் தேவை. உங்கள் தந்தையின் உழைப்பு அவரிடம் டொலராக நின்றுவிடுகின்றது. ஆகவே சென்மதி நிலுவையின் நடைமுறைக் கணக்கில், இரண்டாந்தர வருமானத்தின் கீழ் வரவாகப் பதியப்பட வேண்டிய தொகை பதியப்படாமற் போகின்றது. வங்கித் தொகுதிக்கும் அந்த டொலர் வருவதில்லை.

இதன் விளைவை நாம் அனுபவித்தோம். 2021 இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரின் உத்தியோகபூர்வ வீதம் 200 - 203 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் அது 240 ரூபாவைத் தாண்டியது. 300 டொலர் அனுப்பிய ஒருவருக்கு வங்கியில் 60,900 ரூபா. வெளியே 72,000 ரூபா. மத்திய வங்கி டொலருக்கு 10 ரூபா ஊக்குவிப்புக் கொடுத்தும் 8,100 ரூபா இடைவெளி இருந்தது. தொழிலாளர் பணவனுப்பல் 2020 இல் 7,104 மில்லியன் டொலர். 2021 இல் 5,491. 2022 இல் 3,789. ஆட்கள் குறைந்தார்களா? இல்லை. 2022 இல் மட்டும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். உழைப்பு குறையவில்லை, வழி மாறியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத நாட்களில் நீங்களும் வரிசையில் நின்றிருப்பீர்கள். நாணயமாற்று வீதம் 2022 மார்ச்சில் தளர்த்தப்பட்டபின் இடைவெளி சுருங்கியது. 2023 இல் 5,970, 2024 இல் 6,575 மில்லியன் டொலர் எனப் பணவனுப்பல் மீண்டும் ஏறியது.

தவறு முழுவதையும் அனுப்பியவர்கள் மேல் சுமத்தி விடை எழுதாதீர்கள். 300 டொலரில் 8,100 ரூபாவை விட்டுக்கொடு என்று ஓர் ஏழைக் குடும்பத்திடம் எந்த அரசும் நீண்ட நாள் கேட்க முடியாது. பிடித்து வைத்த வீதமே அவர்களை வெளியே தள்ளியது.

குடும்பத்திற்கும் ஆபத்து உண்டு. உங்கள் கணக்கில் ரூபா வைப்பிடும் அந்நியரின் பணம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அது மோசடிப் பணமாயின், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழான விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம். தவறான முகவரிக்கு அனுப்பிய பிட்கொயினைத் திருப்பியெடுக்க முறையிடும் கருமபீடமும் இல்லை. இவை இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அல்ல என்பதையும், இவற்றை வாங்க வரவு அட்டை, கடனட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்பதையும் மத்திய வங்கி 2022 யூலை அறிவித்தலில் நினைவூட்டியது.

அம்மாணவியின் தந்தை அந்த மாதம் நாணயமாற்று நிலையத்தாலேயே அனுப்பினார். 2,000 ரூபாவளவில் குறைந்ததாம். அடைவு வட்டி உரிய திகதியில் கட்டப்பட்டது.

பயிற்சி வினா

(அ) பணவனுப்பல் செலவின் இரு கூறுகளையும் எண் உதாரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)

(ஆ) "எல் சல்வடோரில் நாணயமாற்றுப் பிரச்சினை இல்லாதிருந்தும் பிட்கொயின் வழிப் பணவனுப்பல் வளரவில்லை." காரணம் தருக. (4 புள்ளிகள்)

(இ) இலக்கமுறை நாணயத்தால் அனுப்பப்படும் பணம் குடும்பத்தின் வருமானத்தைக் கூட்டினும் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கைக் கூட்டாதிருப்பது எவ்வாறு? (7 புள்ளிகள்)

(இ) பகுதிக்கு விடை எழுதும்போது "சட்டவிரோதம் என்பதால்" என்று மட்டும் எழுதிப் புள்ளி இழப்போர் அதிகம். டொலர் யார் கையில் நிற்கின்றது என்பதை எழுதுங்கள்.