கைவேலை வாங்கித் தந்த கிராமம்



"கைத்தொழில் கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? கூலிதானே மிஞ்சுது?" நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. 60 வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஓவியம் படித்தவர்களுக்கும் இதே கஷ்டம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா இறந்துபோனதால் படிப்பை விட்டுவிட்டு, தந்தி இலாகாவிலும் இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1957-ல் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார்.

அங்கே படித்து முடித்தவர்களுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. வேறு வேலைக்குப் போனால் கற்ற கலை கைவிட்டுப் போகும். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் ஆரம்பித்தார்கள். கைவினைப் பொருள் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொள்வது, மற்ற நேரத்தில் கலையைச் செய்வது என்பது ஏற்பாடு. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி நன்றாக விற்றது. தோல், உலோகம், மண் வேலைகளும் நடந்தன.

வந்த பணத்தைப் பொதுவில் சேர்த்து, 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அன்றைக்கு நம்ம காஞ்சிபுரமும் அந்த ஊரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்!

அந்தக் கிராமத்துச் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930-1995). கோயிலில் சாமிக்குச் சாத்தும் உலோகக் கவசத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் அந்த வேலைப்பாட்டையே எடுத்துக்கொண்டு, தகட்டைத் தட்டி வளைத்துப் புது மாதிரிச் சிலைகள் செய்தார். பழைய தொழில், புதுப் பொருள்!

பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது. சங்கம்தான் அதை நடத்துகிறது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: தனியாளாக இருந்தால் கிடைத்த விலைக்குத்தான் விற்க வேண்டும். சேர்ந்தால் விலையை நாம் சொல்லலாம். வந்த லாபம் முழுவதையும் பங்கு போட்டிருந்தால் அவர்களுக்கு நிலம் கிடைத்திருக்காது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
1. முசரவாக்கத்தில் நம் உறுப்பினர்களுக்கு என்னென்ன கைவேலை தெரியும்?
2. அதில் எதைக் கூலிக்குச் செய்கிறோம்? எதை நாமே விற்கலாம்?
3. விற்ற பணத்தில் பொதுவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.