நடுப்பலகைக்குப் பசை வேண்டாம்

தச்சு பழகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம்.

மரம் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி அகலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. ஆகவே அலமாரிக் கதவை ஒரே பலகையாகச் செய்யாமல், சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்கிறோம்.

குறுக்குச் சட்டத்தின் முனையில், அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நாக்குப்போல் கழுந்து வெட்டுங்கள். நெடுஞ்சட்டத்தில் அதற்குரிய துளை எடுங்கள். நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றி, பக்கங்களில் சற்று இடம்விட்டு நிறுத்துங்கள். கழுந்துக்கு மட்டும் பசையிட்டு இறுக்குங்கள். பசை காயுமுன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாயிருந்தால் கதவு கோணாது.

பலகையையும் ஒட்டினால் கோடையில் அது வெடிக்கும். வெடித்த கதவைக் கூலியின்றித் திரும்பச் செய்துதர நேரும். அந்த வீட்டாரின் நம்பிக்கையும் போகும்.