விசில் ஊத ஆள் வேண்டும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, எல்லோரும் மோட்டார், டிரான்ஸ்பார்மர், சூரிய மின்சக்தி என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் "நடுவர் பயிற்சி" என்று சொன்னதும் கடைசி பெஞ்சு சிரித்தது. சிரித்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எங்கள் வீடு மாமல்லபுரம் பக்கம். அப்பா சிற்பக் கூடத்தில் கல்லுக்கு மெருகு ஏற்றும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். என் சித்தி மகனுக்குப் பதினைந்து வயது. தசைச் சிதைவு நோயால் ஒன்பது வயதில் அவனுக்கு நடை நின்றுவிட்டது. சாயங்காலம் நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது அவனைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, "நீ அம்பயரா இருடா" என்போம். ஆறு வருஷம் அவன்தான் எங்கள் அம்பயர். ஒரு நாளும் எங்களில் ஒருவன்கூட "உனக்கு ஆட ஆசை இருக்கா?" என்று கேட்டதில்லை.

போன வருஷம் அவனுக்கு அரசுத் திட்டத்தில் பேட்டரி சக்கர நாற்காலி கிடைத்தது. ஒரு நாள் ராத்திரி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். பேட்டரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால்பந்து ஆடுகிறார்கள்! "அண்ணா, இதுல நான் ஆடலாம். ஆனா அம்பயருக்கு எங்க போறது?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

விளையாட்டு என்ன?

இதன் பெயர் பவர்சேர் கால்பந்து. 1970-களில் பிரான்சில் தொடங்கியது. 2006-இல் இதற்கென்று உலகக் கூட்டமைப்பு உருவானது. முதல் உலகக் கோப்பை 2007-இல் டோக்கியோவில் நடந்தது, அமெரிக்கா வென்றது. 2011-இல் பாரிசிலும் அமெரிக்காவே. 2017-இல் அமெரிக்காவின் கிஸ்ஸிம்மியிலும், 2023-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் கோப்பையைத் தூக்கியது பிரான்ஸ்.

மைதானம் நம் கூடைப்பந்துத் தளம்தான். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் இருந்தால் போதும். ஓர் அணிக்கு கோல்கீப்பரையும் சேர்த்து நான்கு பேர். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்து பெரியது, குறுக்களவு 33 செ.மீ. இரண்டு கம்பங்களுக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளிதான் கோல். மேலே குறுக்குக் கம்பி கிடையாது. நாற்காலியின் முன்னால், கால்களை மறைத்து, ஒரு தடுப்புச் சட்டம் பொருத்தியிருப்பார்கள். அதால்தான் பந்தைத் தள்ளுவதும் அடிப்பதும். நின்ற இடத்திலேயே நாற்காலியைச் சுழற்றிப் பந்தை அடிப்பார்கள் பாருங்கள், நம்ம ஊர் பையன்கள் சைக்கிளில் வட்டம் போடுவதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது!

ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். உடல் அசைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஆட்டக்காரர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். அசைவு கூடுதலாக உள்ளவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் களத்தில் இருக்கக்கூடாது. விரலால் ஓட்டுபவரும் உண்டு, தாடையால் ஓட்டுபவரும் உண்டு.

முதல் பாடம்: நாற்காலியைச் சோதித்தல்

சாதாரணக் கால்பந்து நடுவர் பூட்ஸைப் பார்த்தால் போதும். இங்கே நடுவர் ஓர் இயந்திரத்தையே பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டை மாட்டியிருக்கிறதா? தடுப்புச் சட்டம் ஆடாமல் நிற்கிறதா? அதில் கூர்முனை இருக்கிறதா? பந்து அதற்குள் சிக்கிக்கொள்ளுமா? இதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

அடுத்தது வேகம். ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 10 கி.மீ. இதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஸ்டாப்வாட்ச் இருந்தால் நாமே அளக்கலாம். கணக்கு எளிது: மணிக்கு 10 கி.மீ. என்றால் வினாடிக்கு 2.78 மீட்டர். 10 மீட்டரைக் கடக்க 3.6 வினாடி, 15 மீட்டருக்கு 5.4 வினாடி. அதைவிடச் சீக்கிரம் கடந்தால் வேகம் அதிகம், குறைத்து அமைத்து வரச்சொல்ல வேண்டும்.

எந்தத் தூரத்தில் அளப்பது நல்லது? நம் விரல் பட்டனை அழுத்துவதில் 0.2 வினாடி பிழை வந்தால், 10 மீட்டரில் சரியான நாற்காலிகூட 10.6 கி.மீ. என்று காட்டும். 15 மீட்டரில் அதே பிழை 10.4 தான் காட்டும். ஆகவே 28 மீட்டர் தளத்தை இப்படிப் பிரித்துக்கொண்டோம்: வேகம் பிடிக்க 5 மீட்டர், அளக்க 15, நிறுத்த 8. மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். லேபில் ரீடிங் எடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

"இரண்டு கிலோமீட்டர் கூடினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 180 கிலோ என்று வையுங்கள். 10 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 695 ஜூல். 12 கி.மீ. வேகத்தில் 1000 ஜூல். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இடியின் ஆற்றல் கிட்டத்தட்ட பாதி கூடிவிடுகிறது. முதல் பருவ இயற்பியலில் மனப்பாடம் செய்து மறந்த சூத்திரம், இங்கே ஒரு பையனின் காலைக் காப்பாற்றுகிறது!

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாற்காலிகள் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுபவை. ஜாய்ஸ்டிக்கை விட்டால் மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும். களத்தில் நாற்காலி நின்றுபோனால் இழுத்தாலும் நகராது. மோட்டார் பக்கத்தில் உள்ள நெம்புகோலை விடுவித்தால்தான் உருளும். ஆனால் விடுவித்தபின் பிரேக் கிடையாது. சரிவில் கைவிட்டால் அவ்வளவுதான். எலக்ட்ரிகல், மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள்?

இரண்டாம் பாடம்: மூன்று மீட்டர் கண்

இந்த ஆட்டத்தின் உயிரான விதி இது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அதைச் சுற்றி 3 மீட்டருக்குள் ஓர் அணிக்கு ஒருவர்தான். எதிரணிக்காரர் ஒருவர் பந்தோடு இருக்க, நம் அணியில் இரண்டு பேர் சேர்ந்து நெருக்கினால் தப்பு; எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். தன் கோல் பகுதிக்குள் இருக்கும் கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு. அதேபோல், தற்காக்கும் அணியினர் மூன்று பேர் தங்கள் கோல் பகுதிக்குள் நுழைந்தாலும் தப்பு. ஃப்ரீ கிக் அடிக்கும்போது எதிரணி 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

இந்த விதி எதற்கு? எல்லா நாற்காலியும் பந்தைச் சூழ்ந்துகொண்டால் பந்து நகராது, இடிதான் மிஞ்சும். இடம் விட்டால்தான் பாஸ் வரும், ஆட்டம் வரும்.

பந்து நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று மீட்டர் வட்டமும் கூடவே நகரும். தரையில் கோடு கிடையாது, நடுவரின் கண்ணில்தான் கோடு. இதற்கு நாங்கள் செய்த பயிற்சி: மூன்று மீட்டர் கயிறு ஒன்று, சாக்பீஸ் ஒன்று. ஒருவன் பந்தை எங்காவது உருட்டுவான். நான் "உள்ளே", "வெளியே" என்று சொல்ல வேண்டும். உடனே கயிற்றைப் போட்டு அளப்போம். முதல் நாள் இருபதுக்கு ஒன்பதுதான் சரி. மூன்றாவது வாரம் பதினேழு வந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் தூரம் சரியாகத் தெரிகிறது, நேர் பின்னால் நின்றால் ஏமாற்றுகிறது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பெரிய போட்டிகளில் நடுவரோடு இரண்டு துணை நடுவர்கள் இருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் பாடம்: பாவம் பார்க்காதே

எங்களிடம் இருந்தது இரண்டே நாற்காலி. தம்பியுடையது ஒன்று, அவன் நண்பனுடையது ஒன்று. மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் குழாயை வளைத்து, ரப்பர் சுற்றி, தடுப்புச் சட்டம் செய்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சிமெண்டுத் தளத்தில் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து ஆடினோம். ஆள் போதாத இடத்தில் நாங்கள் நடந்தே ஆட்டக்காரராக நின்றோம். விசில் என் வாயில்.

பத்து நிமிடம் இருக்கும். தம்பி வேகமாக வந்து நண்பனின் நாற்காலியைப் பக்கவாட்டில் இடித்துவிட்டுப் பந்தைக் கொண்டுபோனான். இடிப்பது இங்கே தப்பு. ஃப்ரீ கிக் கொடுக்க வேண்டும். நான் ஊதவில்லை. ஆறு வருஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் முதன்முதலாகக் கோல் போடப் போகிறான், அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

கோல் போய்விட்டது. நாங்கள் கைதட்டினோம். அவன் மட்டும் ஜாய்ஸ்டிக்கில் இருந்து விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"ஏண்ணா விசில் ஊதல?"

"சின்ன இடிதானேடா, விடு."

"உனக்கு நான் எல்.பி.டபிள்யூ. குடுத்தப்ப அண்ணன்னு பார்த்தனா? அவுட்டுன்னா அவுட்டுன்னுதானே சொன்னேன்? என்னைப் பார்த்துப் பாவப்படறதா இருந்தா நான் வீட்லயே இருந்திருப்பேனே!"

எனக்குப் பேச்சே வரவில்லை. இடிபட்ட பையனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனும் ஆடத்தானே வந்தான்? கோலை ரத்து செய்து, இடிபட்டவனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தேன். இவன் சிரித்தான். அன்றைக்குத்தான் நான் நடுவரானேன் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் இரக்கம் காட்டுவதில் குறை வைப்பதில்லை. விதியைச் சமமாகக் காட்டத்தான் தயங்குகிறோம். தப்பு செய்தவனைத் தப்பு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைதான். ஆனால் ஒரு விஷயம்: ஆட்டக்காரரின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பட்டை அவிழ்ந்ததையும் தலை சாய்ந்ததையும் எல்லோராலும் உரக்கக் கத்திச் சொல்ல முடியாது. நடுவரின் கண் பந்தில் பாதி, முகங்களில் பாதி இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் முடியுமா?

ஏன் முடியாது? நம் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலேயே, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சென்னையில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வேர் பிடித்திருக்கிறது; மாதவி லதா அவர்கள் முன்னின்று இந்தியக் கூட்டமைப்பை 2014-இல் உருவாக்கினார். அது கையால் தள்ளும் நாற்காலி ஆட்டம். ஆனாலும் நடுவருக்கு அதில் நல்ல பாடம் உண்டு: அங்கே நாற்காலி ஆட்டக்காரரின் உடம்பில் ஒரு பாகம். நாற்காலியைத் தொட்டால் ஆளைத் தொட்ட மாதிரி. பந்தை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் தட்டாமல், இரண்டு தடவைக்கு மேல் சக்கரத்தைத் தள்ளினால் தப்பு. அந்த ஆட்டம் எங்காவது நடந்தால் போய்ப் பாருங்கள், கண் பழகும்.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எல்லோரும் ஆட்டக்காரர்களைப் பார்த்தோம். மேசைக்கு மேசை கைகட்டி நின்ற நடுவர்களை யார் பார்த்தோம்? அவர்கள் இல்லாமல் ஒரு காய்கூட நகர்ந்திருக்காது.

என் அப்பா சொல்வார்: சிலைக்குக் கண் திறக்கும் சிற்பியின் பேரைத்தான் ஊர் சொல்லும், ஆனால் மட்டம் பார்த்துக் கோடு போட்டவன் தப்பு செய்திருந்தால் சிலையே கிடையாது. நடுவர் வேலை அந்தக் கோடு போடும் வேலைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். துறைக்கு மூன்று பேர் வாருங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். கயிறும் சாக்பீசும் என்னிடம் இருக்கின்றன. ஸ்டாப்வாட்ச் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. ஒரு விசில் மட்டும் வாங்கிவந்தால் போதும். எங்களுக்காக ஆறு வருஷம் ஓரமாக உட்கார்ந்து நியாயம் சொன்னவன் இப்போது களத்துக்குள் வந்துவிட்டான். இனி ஓரத்தில் நிற்க வேண்டிய முறை நம்முடையது.