ஹன்னா எந்த ஊர்ப் பெயர்?

ஆக்லாந்தில் பத்துப் பேரில் நால்வர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். மழலையர் பள்ளி வாசலில் நின்று ‘ஹனா’ என்று கூப்பிட்டால் ஒரு மாவோரிக் குழந்தையும் ஒரு ஜப்பானியக் குழந்தையும் ஓர் அரபுக் குழந்தையும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கக்கூடும். சான்ட்ரிங்ஹாம், மவுண்ட் ராஸ்கில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பெயர் தேடும்போதும் இது அடிபடுகிறது. இங்குள்ள டீச்சருக்கும் வாயில் நுழையும், ஊரிலிருக்கும் அப்பத்தாவுக்கும் வாயில் நுழையும். பெயரோடு சேர்த்துச் சில கதைகளும் உலவுகின்றன.

நம்பிக்கை: ஹன்னா என்பது நம் ‘அன்னை’தான். தமிழிலிருந்து எபிரேயத்துக்குப் போனது.

உண்மை: காதுக்கு ஒத்துப்போவதால் மட்டும் உறவாகிவிடாது. எபிரேயத்தில் இந்தப் பெயரின் வேர் அருள், தயவு என்று பொருள்படும். அதே வேரில் பிறந்த இன்னொரு பெயர் யோகனான், ‘யாவே அருளினார்’. அதுதான் ஊர் ஊராகப் போய் யோவான், ஜான், இவான் என்று ஆனது. மாவோரி மொழியில் அது ஹோனே. 1845இல் கொரோராரேகாவில் பிரிட்டிஷ் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்த தலைவர் ஹோனே ஹெகேயின் பெயரும் ஹன்னாவும் ஒரே வேரில் கிளைத்தவை. ரோமாபுரியை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால்கூட இந்த வகையறாதான். எபிரேயத்துக்கு நெருங்கிய மொழியில் ‘பாகால் அருளினார்’ என்று பொருள். இத்தனை உடன்பிறப்புகள் அங்கேயே இருக்கும்போது அன்னையைத் தேடி இங்கே வர வேண்டியதில்லை.

நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. பழைய தமிழ் விவிலியம் சாராள், ரெபெக்காள் என்று எழுதியதைப் போலவே இவளையும் ‘ஆள்’ விகுதி சேர்த்து அன்னாள் ஆக்கியது. கத்தோலிக்க வீடுகளில் அது அன்னம்மாள். இலங்கையில் புத்தளம் மாவட்டத்துத் தலவில திருத்தலம் மரியாளின் தாயான புனித அன்னம்மாளுக்கு உரியது. அடுத்த தெருவில் சைவக் குடும்பத்திலும் ஓர் அன்னம்மாள் இருப்பார். அவர் பெயர் அன்னத்திலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, வேர் இரண்டு.

நம்பிக்கை: ஹன்னா வேறு, அன்னா வேறு.

உண்மை: ஒரே பெயர். கிரேக்க எழுத்தில் தொடக்கத்து ‘ஹ’ கழன்று அன்னா ஆனது. கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்க அன்னா, ஆன், அன்யா என்று பரவியது. பழைய ஏற்பாட்டில் பிள்ளை வரம் கேட்டு அழுது சாமுவேலைப் பெற்றவளும், லூக்கா நற்செய்தியில் ஆலயத்தைவிட்டு நீங்காத முதிய விதவையும் தமிழில் இருவருமே அன்னாள்தான். மாவோரி விவிலியமோ முன்னவளை ஹனா என்றும் பின்னவளை அனா என்றும் பிரித்து எழுதியது. மரியாளின் தாய் அன்னாவைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரியும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேறொரு நூல்தான் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது.

நம்பிக்கை: முன்னும் பின்னும் ஒன்றுபோல வாசிக்கலாம், அதனால் தெய்வீகப் பெயர்.

உண்மை: அது ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும். எபிரேயத்தில் ஹெத், நூன், ஹே என்று மூன்றே எழுத்து. திருப்பி வாசித்தால் வேறு சொல்லாகிவிடும்.

நம்பிக்கை: ஆக்லாந்தில் ஹனா என்றாலே விவிலியப் பெயர்.

உண்மை: மாவோரியில் ஹனா என்றால் ஒளிர்தல், தகதகத்தல் என்று சொந்தப் பொருளும் உண்டு. மிஷனரிகள் வந்து, 1868இல் முழு விவிலியமும் மாவோரியில் வந்தபோது, எபிரேயப் பெயர் அந்தச் சொல்லின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஜப்பானியருக்கு ஹனா என்றால் பூ, கொரியருக்கு ஒன்று, அரபியருக்கு மகிழ்ச்சி.

இந்நாட்டு அரசியலிலும் இந்தப் பெயருக்கு இடமுண்டு. ஆக்லாந்தில் உருவான ‘ங்கா தமடோவா’ இளைஞர் இயக்கத்தின் ஹனா தெ ஹெமாரா, பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கக் கோரி 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை 1972 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் அளித்தார். 1987இல் மாவோரி ஆட்சிமொழி ஆனது. 2023இல் 21 வயதில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஹனா ராஃபிதி மைப்பி கிளார்க், மறுஆண்டு அவையிலேயே ஒரு மசோதாவின் நகலைக் கிழித்து ஹாக்கா நடனம் ஆடினார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது.

நம்பிக்கை: ‘ஹன்னா மொன்டானா’ டிவி தொடர்தான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது.

உண்மை: கதை தலைகீழ். அமெரிக்காவில் 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் பெண் குழந்தைப் பெயர்களில் ஹன்னா இரண்டாமிடம். தொடர் தொடங்கியதே 2006இல்; அது முடிந்த 2011இல் ஹன்னா முதல் பத்தில்கூட இல்லை. நியூசிலாந்திலும் 1990களிலேயே முன்வரிசையில் இருந்தது. அதற்கு முந்தைய அலையில் சாரா, ரேச்சல், ரெபேக்கா என்று வகுப்புக்கு நாலு பேர் சேர்ந்துவிட்டதால், விவிலியப் பெயர் வேண்டும், ஆனால் தேய்ந்துபோகாத பெயர் வேண்டும் என்று தேடியவர்களுக்குப் பாட்டி காலத்து ஹன்னா கிடைத்தாள். அவளும் வகுப்புக்கு நாலு பேர் ஆனதும் அடுத்த தலைமுறை நகர்ந்துவிட்டது. 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் இங்கே பெண் பெயர்களில் முதலிடம் ஸ்காட்லாந்துக்கார ஐலாவுக்கு. ஆண் பெயர்களில் மட்டும் எபிரேய நோவா முதலிடத்தில்.

நம்பிக்கை: நியூசிலாந்தில் அரசுப் பட்டியலில் உள்ள பெயரைத்தான் வைக்கலாம்.

உண்மை: அப்படி ஒரு பட்டியலே கிடையாது. பெயர் 70 எழுத்துக்குள் இருக்க வேண்டும், மனம் நோகும்படியோ பட்டம், பதவி போலவோ இருக்கக் கூடாது, எண்ணும் குறியீடும் வரக் கூடாது; அவ்வளவுதான். ‘கிங்’ போன்ற பெயர் வைக்கப் போனவர்கள்தான் திரும்பி வந்தார்கள். ஹனா, ஹன்னா, அன்னம்மாள் எதற்கும் தடையில்லை. எந்த ஹனா என்பதைப் பெயர் அகராதி முடிவு செய்வதில்லை, பெயர் வைக்கிற வீடு முடிவு செய்கிறது. வகுப்பில் புதிதாக ஒரு ஹனா வந்து சேர்ந்தால், பொருளை நாமே ஊகிப்பதைவிட அவள் வீட்டாரைக் கேட்டுவிடுவது நல்லது.